கொறக்காப்புளியும் எங்கள் வீட்டு நாக்கும்

மீன் விஷயத்தில் திருகோணமலைக்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கத்தானே வேண்டும். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவில் நாங்கள். காலையில் சந்தைக்குப் போனால் விளைமீன், பாரை, அறக்குளா என்று வெள்ளைச் சதை மீனாகத் தேடி, செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, இரண்டு தரம் போகிற மாதிரிப் பாவனை காட்டி வாங்கி வருவோம். வீட்டுக்கு வந்ததும் அதற்குப் பழப்புளி, வெந்தயம், தேங்காய்ப்பால். தலையில் ஒரு சொதி. இதற்கு வெளியே மீனுக்கு வேறு வழி இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. சூரை மலிந்து கிடக்கிற நாளில்கூட அம்மா அந்தப் பக்கம் திரும்ப மாட்டா. இரத்தம் கூடின மீன், உடம்பு கடிக்கும் என்பா.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் அம்புல் தியல் வந்தது, சூரையைக் கொறக்காப்புளியில் வற்றவைத்த கறுப்பு மீன்கட்டி. பின்னாலேயே உப்பில் ஊறவைத்த மீனான ஜாடி, கருக்கிய தேங்காய், கித்துள் பாணி எல்லாம் வந்தன. அத்தனையும் தெற்கிலிருந்து. நமக்குத் தெற்கு என்றால் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை. இவற்றில் சில எங்கள் அடுப்படியில் குடியேறிவிட்டன, ஒன்று மட்டும் வாசலைத் தாண்டவில்லை. ஏன் அப்படி என்று எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தொழில், கயிறு, வலை, தூண்டில், படகுக்குப் பூசுகிற பெயின்ட் விற்கிற சின்னக் கடை. வாடிக்கையாளரில் ஒரு பகுதி தெற்கிலிருந்து வரும் பலநாள் படகுக்காரர். வைகாசியில் சோளகம் எழும்பினால் மாத்தறைப் பக்கத்துக் கடல் பொல்லாததாகிவிடும். அதே மாதங்களில் எங்கள் கிழக்குக் கடல் சாதுவாகப் படுத்துக் கிடக்கும். ஐப்பசி கழிந்து வாடைக்காற்று தொடங்கினால் கணக்கு அப்படியே தலைகீழ். அதனால் சோளகக் காலத்தில் அந்தப் பக்கத்துப் படகுகள் கொட்பே துறைமுகத்துக்கு வந்து மீனை இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போகும். யார் வலை யாருடைய கடலில் விழுகிறது என்ற வழக்கு இங்கே நெடுங்காலமாக உண்டு. அது பெரிய கதை, எங்கள் ஆட்களின் பக்கம் நியாயம் உள்ள கதை. அதைச் சாப்பாட்டுக் கதைக்குள் இழுக்கவில்லை.

அந்தப் படகுகளில் ஒன்றின் சமையற்காரர்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம். என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவரை ‘அய்யே’ என்பேன், சிங்களத்தில் அண்ணன், அவர் என்னை ‘முதலாளி’ என்பார். கடையில் இருக்கிற சாமானில் அரைவாசி கடனுக்கு எடுத்தது என்று தெரிந்தும் முதலாளிதான். அவருடைய ஊர் தெவிநுவர, தமிழில் தேவேந்திரமுனை, இலங்கையின் தென்கோடி. திருகோணமலைக்கு வந்தால் கோணேசர் மலைக்கு ஏறி ஒரு தேங்காய் உடைக்காமல் படகுக்குத் திரும்ப மாட்டார். அவருடைய ஊரிலும் கடலோரத்தில் பேர்போன கோயில் ஒன்று இருந்தது, 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அவர்களே 1622இல் எங்கள் கோணேசர் கோயிலையும் இடித்தார்கள். இதை ஒருநாள் கல்லாவில் இருந்தபடி அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கள்ளன்” என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் பழக்கம் கூடியது.

முதலில் அவர் தந்தது ஒரு பார்சல். தாளைப் பிரித்தால் கறுப்புக் கறுப்பாகச் சதுரக் கட்டிகள். குழம்பு இல்லை, எண்ணெய் இல்லை, மேலே ஒட்டியிருந்த கறிவேப்பிலைகூடக் கறுப்பு.

“இஞ்சாருங்கோ, இது மீனோ கரிக்கட்டையோ?” என்றா மனுசி.

அன்றிரவு வீட்டில் பிட்டு. ஆகவே பிட்டோடு வைத்தோம். மீன் என்றால் பிட்டோடு சாப்பிடலாம், அதில் என்ன சந்தேகம்? வாயில் வைத்ததும் தெரிந்தது. பிட்டும் உலர்ந்தது, மீனும் உலர்ந்தது, இரண்டையும் சேர்க்க ஒரு துளி ஈரம் கிடையாது. அதற்கு மேல் அந்தப் புளிப்பு. பழப்புளியின் புளிப்பில் ஒரு இனிப்பு ஒளிந்திருக்கும், அது நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கொறக்காப்புளி அப்படிக் கொஞ்சாது. நேரே போய்த் தாடையின் மூலையைப் பிடிக்கும், பிறகு உப்பு, அதற்குப் பிறகு மிளகு. மகள் தண்ணீர்க் குவளையைத் தேடினாள். அம்மா ஒரு கட்டியை முழுதாக மென்று விழுங்கிவிட்டு, “மருந்தெண்டு சொல்லித் தந்திருந்தா பேசாமல் குடிச்சிருப்பன்” என்றா.

அடுத்த தடவை அவர் கடைக்கு வந்து எப்படி இருந்தது என்று கேட்டார். நல்லது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எதோட சாப்பிட்டது?” என்றார். பிட்டு என்றதும் கடைக்குள் இருந்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், வெளியே ஓட்டோவில் காத்திருந்த பையன்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்களிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். ‘பிட்டு’ என்ற சொல் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

அன்று மத்தியானம் கொட்பேயில், கட்டிக் கிடந்த படகின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு தட்டுச் சோறு போட்டுத் தந்தார். சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் தடிப்பாகக் காய்ச்சிய பருப்பு, வல்லாரைச் சம்பல், ஓரத்தில் அந்தக் கறுப்புக் கட்டி ஒன்றே ஒன்று. ஒன்றுதானா என்று பார்த்தேன். அவர் தன் தட்டில் கட்டியை விரலால் உதிர்த்து, ஒவ்வொரு கவளத்துக்கும் நகத்தளவு மட்டும் சேர்த்துச் சாப்பிட்டுக் காட்டினார். நானும் அப்படியே செய்தேன். பருப்பின் பால் புளிப்பை வாங்கிக்கொண்டது, வல்லாரையின் பச்சை வாசம் மிளகைத் தணித்தது, சோறு எல்லாவற்றையும் தாங்கியது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

என் கருத்து இதுதான். பழகினால்தான் பிடிக்கும் என்று சொல்லுகிற சாப்பாடுகளில் பாதிக்கு நாக்கு பழகத் தேவையே இல்லை. அதை எந்த இடத்தில் வைப்பது என்றுதான் தெரிய வேண்டும். நாங்கள் அம்புல் தியலை மீன்கறியின் நாற்காலியில் உட்கார வைத்தோம். அது ஊறுகாயின் நாற்காலியில் உட்கார வேண்டியது. எங்கள் மாங்காய் ஊறுகாயை ஒரு அகப்பை அள்ளிப் பிட்டில் கொட்டி ஒரு வெளியூர்க்காரனுக்குக் கொடுத்தால் அவன் நம்மைப் பற்றி என்ன எழுதுவான்?

இதைச் சொன்னதும் மனுசிக்குக் கொஞ்சம் சமாதானம், ஆனால் சமைக்கிற எண்ணம் வரவில்லை. அது வந்தது 2022இல்.

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பிரிஜ்ஜை அலுமாரியாகத்தான் பாவித்தோம். பிறகு மின்வெட்டு நேரம் குறைந்தது, ஆனால் காஸ் இல்லை, டீசல் இல்லை. பின்வளவில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு மறுபடி எரிந்தது. மீன் வாங்கினால் அன்றைக்கே சமைத்து அன்றைக்கே முடிக்க வேண்டும், மிஞ்சினால் குழம்பை மூன்று தரம் சுட வைக்க வேண்டும், அதற்கும் விறகு வேண்டும். தெற்குப் படகுகள் டீசல் வரிசைக்குக் கட்டுப்பட்டு கொட்பேயில் கிடந்தன. அய்யேக்கு வேலை இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் எங்கள் விறகு அடுப்பையும், சும்மா கிடந்த மண்சட்டியையும், வேலியோரத்து வாழையையும் பார்த்துவிட்டு, எல்லாம் இருக்கிறதே, ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்கிற மாதிரிக் கேட்டார்.

அப்படித்தான் எங்கள் பின்வளவில் பாடம் நடந்தது. அம்மா கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தா.

கொறக்காப்புளி என்பது ஒரு காட்டுப் பழத்தின் சதையை வெட்டிக் காயவைத்தது. கேரளத்தில் மீனுக்குப் போடுகிற குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். காய்ந்ததும் கறுத்துச் சுருண்டுபோகும், அந்தக் கறுப்புத்தான் மீனுக்கும் ஏறுகிறது. அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, உப்பு, மிளகு, இரண்டு பல்லு உள்ளியோடு அம்மியில் அரைத்தார். மனுசி மிக்ஸி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, கரண்ட் இல்லாதது நினைவுக்கு வந்து பேசாமல் இருந்தா. மீன் பெரிய சூரை, தோல் நீக்கிச் சதுரமாக வெட்டியது. அரைத்ததை எல்லாப் பக்கமும் படுகிற மாதிரிப் பூசி, சட்டியின் அடியில் வாழையிலை விரித்து, கட்டிகளை நெருக்கமாக அடுக்கினார். இடுக்கில் ரம்பை, கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவா. அம்மியைக் கழுவின தண்ணீர் மட்டும் மேலே. தேங்காய்ப்பால் இல்லை, தாளிதம் இல்லை, வெங்காயம் இல்லை. சட்டியை மூடி, மூடியின் மேலேயும் பொச்சுமட்டைத் தணல் போட்டார். கீழும் மேலும் மெல்லிய சூடு. அகப்பை விட்டுக் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். தண்ணீர் முழுக்க வற்றும்வரை விட வேண்டும்.

அம்மா ஒன்று கேட்டா. சூரை உடம்பு கடிக்குமே, இது கடிக்காதோ?

நல்ல கேள்வி. சூரை இனத்து மீனைப் பிடித்தவுடன் குளிரில் வைக்காமல் வெயிலில் விட்டால், அதன் சதையில் பாக்டீரியா வேலை செய்து ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவப்பதும், தடிப்பதும், கடிப்பதும் அதனால்தான். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. ஆக அம்மா சொல்லிவந்ததில் உண்மை இருந்தது, பழி மட்டும் மீனின் இரத்தத்துக்குப் போய்விட்டது. அய்யே இந்த இரசாயனம் எதுவும் பேசவில்லை. “ஐஸ்ல இருந்து நேரா சட்டிக்கு. வெயில் பட்ட மீன் எனக்கு வேணாம்” என்றார், அவ்வளவுதான். நல்ல மீனைக் கொறக்காவின் புளிப்பில் பூசி, உப்பும் மிளகும் சேர்த்து, ஈரத்தை முழுக்க வற்றவைத்தால் பாக்டீரியா வளர இடமில்லை. பிரிஜ் இல்லாமலே நாட்கணக்கில் கெடாமல் இருப்பது அதனால்தான். ஐஸ் இல்லாத காலத்தில் வெப்பமான ஒரு கரையில் சூரை மலிந்தால் என்ன செய்வது என்று யாரோ மூளையைப் போட்டுக் கண்டுபிடித்த சமையல். அதை நாங்கள் பிரிஜ்ஜும் காஸும் இருந்த நாட்களில் ருசி பார்த்துக் குறை சொல்லியிருந்தோம். 2022இல் பிரிஜ் செத்துப்போனதும், அடுப்படித் தட்டில் மூடி வைத்த அந்தச் சட்டி எங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? காலையில் பருப்புச் சோறு மட்டும் வைத்தால் போதும், மீன் தயாராக இருக்கும். விறகும் மிச்சம்.

அடுத்தது கருக்கிய தேங்காய். இதுதான் மனுசிக்குப் பெரிய சோதனை.

எங்கள் அடுப்படிச் சட்டத்தில் தேங்காய்ப்பூ பொன்னிறம் தாண்டினால் குற்றம். கருகின வாசம் வந்தால் யார் அடுப்படியில் நின்றது என்று விசாரணை நடக்கும். அய்யே பலாக்கொட்டைக் கறிக்கென்று தேங்காய்ப்பூவையும் ஒரு கைப்பிடி அரிசியையும் வெறும் சட்டியில் போட்டு வறுக்கத் தொடங்கினார். பொன்னிறம் வந்தது. மனுசி சட்டியை இறக்கக் கை நீட்டினா. அவர் தலையை ஆட்டிவிட்டு வறுத்துக்கொண்டே இருந்தார். மண்ணிறம் வந்தது. புகை வந்தது. வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, “பிள்ளை, அடுப்பைப் பார், ஏதோ கருகுது!” என்று கூப்பிட்டா. மனுசி வெட்கத்தில் உள்ளே போய்விட்டா. அவர் கறுப்பாகும்வரை வறுத்து, அதை அரைத்து, அவித்த பலாக்கொட்டையில் போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைத்தார்.

எனக்கு அதில் முதல் கவளமே பிடித்தது. ஒரு மெல்லிய கசப்பு, அதற்குள் தேங்காயின் எண்ணெய் வாசம், மாவு மாதிரி உடைகிற கொட்டை. அரிசி சேர்ப்பது குழம்பு தடிக்க. முழுக்கக் கரியாக விடாமல் அதற்கு ஒரு நூல் முன்னே நிறுத்துவதுதான் கைப்பக்குவம், அதை எழுத்தில் சொல்லித்தர என்னால் முடியாது. பல்லுக்கு இதமாக இருப்பதால் அம்மாவுக்கும் சரி. மகள் இப்போது பலாப்பழ காலத்தில் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துச் சேர்க்கிறாள். மனுசி மட்டும் இன்றைக்கும் அந்தத் தேங்காயை வறுக்கும்போது யன்னலைச் சாத்திவிடுகிறா, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பயந்து.

தயிரும் பாணியும் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, அது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஒரு சண்டை இருக்கிறது. எருமைத் தயிரின் தலைநகரம் அம்பாந்தோட்டைப் பக்கம் என்று அய்யே நினைக்கிறார். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் தயிரை மண்சட்டியோடு கவிழ்த்தால்கூட விழாது என்று நான் சொல்லுவேன், ஒருமுறை கவிழ்த்தும் காட்டினேன், விழவில்லை. தயிரில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். பாணியில் விட்டுக்கொடுத்துவிட்டோம். எங்கள் வீட்டில் தயிருக்குச் சீனி, அம்மாவுக்கு மட்டும் பனங்கட்டி. கித்துள் பாணி முதலில் ஊற்றியபோது புகை நாற்றம் என்று மகள் கிண்ணத்தைத் தள்ளினாள். கித்துள் பாளையைச் சீவி எடுத்த பதநீரை விறகு அடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சி வற்ற வைப்பது, புகை வாசம் வராமல் எப்படி இருக்கும்? அந்தப் புகைதான் தயிரின் கொழுப்போடு சண்டை பிடித்து அதை இலேசாக்குகிறது. கடையில் வாங்கும் சில போத்தல்களில் சீனிப்பாகு கலந்திருக்கும், அதில் இந்த வாசமும் இருக்காது, அந்த மெல்லிய கசப்பும் இருக்காது. அய்யே தெனியாயப் பக்கத்து உறவினரிடம் வாங்கி சாராயப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வருவார். போத்தலைக் கண்ட அம்மா முதல் நாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

ஆஸ்மி என்று ஒரு பலகாரம் சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்து ஒருமுறை வந்தது. அரிசிமாவில் ஏதோ இலையின் வழுவழுப்பான சாற்றைக் கலந்து வலை மாதிரி எண்ணெயில் பிழிந்து, மேலே ரோஸ் நிறப் பாகு ஊற்றுவார்கள். வந்த அன்றே முடிந்துபோனதால் அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

இனி ஜாடி.

என் நாற்காலிக் கொள்கை ஜாடியில் உடைந்துபோகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கும்பளா மாதிரியான மீன்களைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்து, ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு, கொறக்கா என்று சாடியில் அடுக்கி, இறுக மூடி மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். மீன் தன் நீரை விட்டு அதிலேயே ஊறும். பிறகு அதை எடுத்துப் பொரிக்கலாம், கறி வைக்கலாம். அய்யே ஒரு கண்ணாடிப் போத்தலில் கொண்டுவந்து கடையில் மூடியைத் திறந்தார். நூல்கண்டு வாங்க வந்து நின்ற ஒருவர் பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

சரி, பிட்டுத் தப்பு நடக்கக் கூடாது என்று இதை முறைப்படிதான் சாப்பிட்டேன். படகில், அவர் கையால், வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பொரித்தது, பக்கத்தில் அவித்த ஈரப்பலாக்காயும் தேங்காய்ப்பூவும். ஈரப்பலாக்காய் அருமை. ஜாடியும் வாய்க்குள் போன பிறகு பாதகமில்லை, உப்பும் புளிப்பும் ஆழமாக இறங்கின ஒரு சுவை. ஆனால் கைக்கும் வாய்க்கும் இடையில் மூக்கு இருக்கிறதே. நான் அந்தத் தட்டை முடித்தது மரியாதைக்காக. பிறகும் சில முறை முயன்றேன். முடியவில்லை.

இத்தனைக்கும் நாங்கள் கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவர்கள். சுறாக் கருவாடு தெரு முனையில் பொரிந்தால் வீட்டில் பசி எடுக்கும். அப்படியிருக்க இது மட்டும் ஏன்? நான் யோசித்துப் பார்த்ததில், எங்கள் கணக்கில் மீனுக்கு இரண்டு நிலைதான். ஒன்று பச்சை மீன், மற்றது வெயிலில் காய்ந்த மீன். இரண்டுக்கும் நடுவில், பழையதாகவும் ஈரமாகவும் ஒரு மீன் இருந்தால் அது கெட்டுப்போனது, தூக்கி எறிய வேண்டியது. அப்படித்தான் அம்மா மூக்கால் சொல்லிக்கொடுத்திருக்கிறா. ஜாடி சரியாக அந்த நடு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வறண்ட வெயில் கிடைக்கிற நம் பக்கத்தில் மீனைக் காயவைத்துவிடலாம். மழை விடாமல் பெய்யும் ஈரமான தென்மேற்குக் கரையில் அதை உப்பிலும் புளியிலும் ஊறவைப்பது புத்திசாலித்தனம். இதெல்லாம் எனக்கு நன்றாக விளங்குகிறது. விளங்கியும் மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் போத்தல் வீட்டுக்கு வரக் கூடாது என்று மனுசி உத்தரவு போட்டதால், கடையில் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் இருக்கிறது. தெற்குப் பையன்கள் கயிறு வாங்க வந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போகிறார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதான்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அய்யேக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. மரக்கறிச் சாப்பாடு, நல்லெண்ணெயில் கத்தரிக்காய், பருப்பு, மோர், பொரித்த வேப்பம்பூ வடகம். நல்லெண்ணெய் வாசத்துக்கே அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது, அவர்கள் சமையலில் எல்லாம் தேங்காய் எண்ணெய். வடகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, கட்லட் மாதிரி ஏதோ என்று நினைத்திருக்க வேண்டும். முழுதாக வாயில் போட்டு இரண்டு தரம் மென்றார். மெல்லுவது நின்றது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. மரியாதைக்கு விழுங்கிவிட்டு, “முதலாளி, இது மருந்தா?” என்றார். அம்மாவுக்கு வந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. வடகத்தை உடைத்துச் சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்று மகள் அவருக்குச் செய்து காட்டினாள். அதற்குப் பிறகு ஒன்று சாப்பிட்டார், இரண்டாவது எடுக்கவில்லை. பனாட்டை மட்டும் கேட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார். புழுக்கொடியலைக் கடிக்க அவருக்குப் பல்லு போதாது.

இப்போது மனுசி தனியாகவே அம்புல் தியல் வைக்கிறா. நிலைமை சரியாகி, காஸ் வந்து, பிரிஜ்ஜும் வேலை செய்கிறது, ஆனாலும் விறகு அடுப்பில்தான். காஸ் அடுப்பில் வைத்தால் மேல் தணல் இல்லாததால் கட்டியின் மேற்பக்கம் ஈரமாக நிற்கிறது என்கிறா. செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கொறக்காப்புளி சந்தைப் பக்கத்து மளிகைக் கடைகளில் கிடைக்கும், கை வைத்தால் கொஞ்சம் வளைகிறதாகப் பார்த்து வாங்குங்கள், முறிகிறதை விட்டுவிடுங்கள். மண் இருக்கும், கழுவித்தான் ஊறவைக்க வேண்டும். மீனைக் கழுவினால் நன்றாக வடியவிட வேண்டும், தண்ணீர் கூடினால் வற்றுவதற்குள் மீன் வெந்து உடைந்துவிடும். சூரை பிடிக்காவிட்டால் அறக்குளாவில் செய்யலாம் என்று சிலர் சொல்லுவார்கள், செய்யாதீர்கள், அந்தப் புளிப்பில் அறக்குளாவின் மென்மை காணாமல் போய்விடும், காசும் வீண். செய்த அன்றே சாப்பிடவும் வேண்டாம். முதல் நாள் புளிப்பு வெளியிலும் மீன் உள்ளேயுமாகத் தனித்தனியே நிற்கும், அடுத்த நாள்தான் சேரும்.

ஒரே ஒரு தகராறு பாக்கி. மனுசி அரைக்கும்போது ஒரு கரண்டி மிளகாய்த்தூளும் போடுகிறா. மாத்தறையிலும் போடுகிற வீடுகள் உண்டாம், ஆனால் அய்யேயின் வீட்டில் மிளகு மட்டும்தான். போன சோளகத்தில் அவருக்கு ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினோம். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மிளகாய்த்தூள் எதற்கு என்று மட்டும் கேட்டார். மனுசி அடுத்த தடவை இரண்டு கரண்டி போடுவதாக இருக்கிறா.

படகு திரும்பி வரும்போது தெனியாயப் பாணி இரண்டு போத்தல் சொல்லியிருக்கிறேன். ஜாடி வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். கொண்டுவருவார்.